ஆர்சியில் டயர் சைஸே இல்லை, பிறகு எதை வைத்து முடிவு செய்வது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மூன்று மாதம் முன்பு 2019 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். முந்தைய ஓனர் அகலமான அலாய் வீலும் 205/65 ஆர்15 டயரும் (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இஞ்ச்) போட்டு வைத்திருந்தார். போன வாரம் வாகனச் சோதனையில் ஒரு அதிகாரி, "இது கம்பெனி சைஸ் இல்லையே, மாத்திடுங்க" என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து ஆர்சியைப் புரட்டினால் டயர் சைஸ் எங்குமே இல்லை. எந்த சைஸ் சட்டப்படி சரி, யார் மீது தப்பு, இன்சூரன்ஸ் என்ன ஆகும் என்று கேட்கிறார்.

முதலில் அந்த ஆர்சி குழப்பம். உங்கள் ஆர்சியில் குறை ஒன்றும் இல்லை. டயரின் எண்ணிக்கையும் அளவும் பதிவுப் படிவங்களில் லாரி, பஸ் மாதிரியான போக்குவரத்து வாகனங்களுக்குத்தான் கேட்கப்படுகின்றன. சொந்தக் காருக்கு அந்த விவரம் ஏறுவதில்லை. அதனால் "ஆர்சியில் போடலையே, அப்ப எந்த டயரும் போடலாம்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மாடல் சாலைக்கு வருவதற்கு முன்னால், மத்திய மோட்டார் வாகன விதி 126-ன் கீழ் புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கும் ஜிஏஆர்சி மாதிரியான சோதனை மையங்களில் ஒப்புதல் வாங்க வேண்டும். எந்த வேரியன்டுக்கு எந்த டயர் என்று கம்பெனி அங்கே அறிவித்தது எதுவோ அதுதான் உங்கள் காருக்கான அளவு.

அதைத் தெரிந்துகொள்ள எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்து தூண் பக்கம் பாருங்கள், காற்றழுத்தத்தோடு டயர் அளவும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். அது கிழிந்திருந்தால் காரோடு வந்த கையேட்டில் இருக்கிறது. உங்கள் தலைமுறை ஸ்விஃப்டில் விஎக்ஸ்ஐக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்டான இசட்எக்ஸ்ஐக்கு 185/65 ஆர்15. இந்த இரண்டும் பார்க்க வேறு வேறு என்றாலும் சக்கரத்தின் மொத்த உயரம் 619.6, 621.5 மில்லிமீட்டர், வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. உங்கள் காரில் இப்போது இருப்பது 647.5 வருகிறது. அதாவது நாலரை சதவீதம் பெரிய சக்கரம். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது சக்கரம் உருள்வது அதைவிட மூன்று நான்கு கிலோமீட்டர் கூடுதலாக. முழு லோடில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் டயர் உள்பக்கம் உரசவும் வாய்ப்பு உண்டு. சட்டத்தை விடுங்கள், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி, எனக்கு இதுதான் முதல் கவலை.

சரி, சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்சி விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182ஏ(4) என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த ஓனருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பயப்பட வேண்டாம், இதில் உங்கள் பக்கமும் வாதம் உண்டு. மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படைத் தன்மையையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று பிரிவு 52-ன் விளக்கமே சொல்கிறது. டயர் சைஸ் அதில் வராது, அது ஆர்சி விவரமும் இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்ல இடம் இருக்கிறது. அதோடு 182ஏ(4) மாற்றத்தைச் செய்த ஓனரைத்தான் குறிக்கிறது, செய்தவர் நீங்கள் இல்லை. ஆனால் இதை நம்பி அந்த டயரிலேயே ஓட்டுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், ஏனென்றால் பிரிவு 190(1) என்று இன்னொன்று இருக்கிறது. ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரண கவனத்தில் தெரிந்திருக்கக் கூடியதாய் இருந்தும், ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்தில் யாருக்காவது காயமோ சேதமோ ஆனால் 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும்கூட. யார் மாற்றினார்கள் என்ற கேள்வி அங்கே எழாது. அதிகாரி எச்சரித்த பிறகு "எனக்குத் தெரியாது" என்று உங்களால் சொல்லவும் முடியாது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பாதி பயம் தேவையில்லை. உங்கள் வண்டியால் அடிபட்டவர் கேட்கும் மூன்றாம் நபர் இழப்பீட்டை மறுக்க கம்பெனிக்கு என்னென்ன காரணங்கள் உண்டு என்று பிரிவு 150 எண்ணி வைத்திருக்கிறது, டயர் சைஸ் அதில் கிடையாது. சிக்கல் சொந்தச் சேத கிளெய்மில்தான், அதாவது உங்கள் காருக்கே ஆன சேதத்துக்கு நீங்கள் கேட்கும் பணத்தில்தான். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் டயரைப் போட்டோ எடுப்பார், மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தீர்கள் என்று கடிதம் வரும். அப்படி வந்தாலும் முழுசாக மறுத்ததை ஏற்றுக்கொண்டு உட்காராதீர்கள். பாலிசி நிபந்தனை மீறல் இருந்தாலும் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2010-ல் அமலேந்து சாகு வழக்கில் ஏற்றிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் அதைக் காட்டி வாதாடலாம்.

இப்போது செய்ய வேண்டியது: ஸ்டிக்கரில் உள்ள 165/80 ஆர்14 அளவுக்கு, அதற்குரிய ரிம்மோடு மாறிவிடுங்கள். பழைய அலாய் செட்டை விற்றால் செலவில் ஒரு பங்கு திரும்ப வரும். 15 இஞ்ச்தான் வேண்டும் என்று ஆசை இருந்தால், சேசிஸ் நம்பரைக் குறிப்பிட்டு, என் வண்டிக்கு 185/65 ஆர்15 போடலாமா என்று கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் அனுப்புங்கள். ஆம் என்று எழுத்தில் வந்தால் மட்டும் போடுங்கள். சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்வது நாளைக்கு நிற்காது. பதில் வந்ததும் அந்த மெயிலையே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பி, பாலிசியில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாங்கும்போது அளவோடு, அதன் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். எண் தாங்கும் எடை, 85 என்றால் ஒரு டயருக்கு 515 கிலோ. எழுத்து தாங்கும் வேகம், எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி என்றால் 190. கம்பெனி சொன்னதற்குக் கீழே எதுவும் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் இருக்கட்டும். அளவு சரியாக இருந்தும் தேய்ந்த டயர் என்றால் அது தனித் தப்பு, கார் டயரின் வரிப் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது விதி 94. பில்லில் டயர் அளவை எழுதச் சொல்லி வாங்குங்கள், கழற்றும் முன்பு பழைய டயரையும் போட்ட பின்பு புதியதையும் தேதியோடு போட்டோ எடுத்து, பில்லோடு சேர்த்து வண்டியிலேயே வையுங்கள். அடுத்த சோதனையில் அதே அதிகாரி கையைக் காட்டினால் அந்த பில்லை எடுத்து நீட்டினாலே போதும்.