முதல் ஆல்பம் வெளிவரும் முன் ஒரு தாளில் கையெழுத்து

கேள்வி: நாங்கள் நான்கு பேர் கொண்ட இசைக்குழு. ஒன்பது பாடல்களை நாங்களே பதிவுசெய்து மிக்ஸும் முடித்துவிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஆல்பத்தை வெளியிட நினைக்கிறோம். வரிகளும் மெட்டும் பெரும்பாலும் ஒருவருடையவை. இசையை எல்லோரும் சேர்ந்துதான் கட்டினோம். பாடல்கள் யாருக்குச் சொந்தம்? வெளியிடும் முன் வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், அடுத்த வெள்ளி வேண்டாம். நான்கு வாரமாவது தள்ளிப் போடுங்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு பாடலுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. நீங்கள் வாசித்துப் பாடிய ஒலிப்பதிவு இன்னொன்று. நாளை வேறொருவர் அதே பாடலைப் புதிதாகப் பாடிப் பதிவுசெய்தால், ராயல்டி படைப்பின் சொந்தக்காரருக்குத்தான் போகும். உங்கள் பதிவில் டிரம்ஸ் வாசித்தவருக்கு அதில் பங்கு வராது. குழுக்களில் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

அதனால் ஒரு மாலை நால்வரும் உட்காருங்கள். பாடலுக்கு ஒரு தாள். மேலே பாடலின் பெயர், தேதி. கீழே ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே படைப்பில் எத்தனை சதவீதம், பதிவில் எத்தனை சதவீதம். கூட்டினால் இரண்டும் தனித்தனியே 100 வர வேண்டும். நால்வரும் கையெழுத்திடுங்கள். பேஸ் வாசிப்பவர் விளையாட்டாக வாசித்த நாலு ஸ்வரம்தான் ஒரு பாடலின் அடையாளமாகிவிட்டது என்றால், அவருக்கும் படைப்பில் பங்கு உண்டா என்று அப்போதே பேசிவிடுங்கள். எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் குழுக்களும் உண்டு. முதல் ஆல்பத்துக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். அடுத்த பாடலில் யாரும் தன் பங்குக்காக ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஒருவர் விலகினால் குழுவின் பெயர் யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதி வையுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

இணையத்திலிருந்து எடுத்த லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் சிறு இசைத்துண்டு, ஏதாவது பாடலில் இருக்கிறதா? இருந்தால் அதன் உரிமத்தைப் படியுங்கள். பலரும் பயன்படுத்தும் லூப் உள்ள பாடலை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்க்கக் கூடாது. உங்கள் ஒலி மற்றவர்களின் வீடியோக்களில் இருக்கிறதா என்று தானாகத் தேடும் அமைப்பு அது. அதே லூப்பை எடுத்த இன்னொருவரின் வீடியோ மீது உங்கள் பெயரில் உரிமைக்கோரல் பாயும்.

மாஸ்டரிங்கில், அதாவது மிக்ஸ் முடிந்த பாடலை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசிக் கட்டத்தில், சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்ற வேண்டாம். ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் எல்லாவற்றையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவீடு) அளவையொட்டிக் கொண்டுவந்துவிடும். நசுங்கிய டிரம்ஸ்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீடு கிடைக்கும். குறித்து வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது உங்கள் பாடல்களை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் நிறுவனத்தை, மாற்றும்போது அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் இதுவரை எத்தனை முறை கேட்டார்கள் என்ற கணக்கு தொடரும்.

அப்புறம், அந்த நான்கு வாரம். வெளிவராத பாடல்களில் ஒன்றை ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்பலாம். வெளிவந்த பின் முடியாது. குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பிவிட்டால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாடல் பட்டியலிலும் அது வரும். அதற்குள் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகக் கோப்புகள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அட்டைப்படத்தில் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினாலே சில நாள் ஓடிவிடும். எந்தப் பாடலை அனுப்புவது என்று தெரியவில்லையா? ஆல்பத்தைக் கேட்டிராத ஒருவருக்கு ஒவ்வொன்றிலும் முதல் 30 நொடியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். எதை நிறுத்தும்போது “ஏன் நிறுத்தினாய்?” என்று கேட்கிறாரோ, அதை அனுப்புங்கள்.