மூன்றே நாளில் பிரசுரமா? கொஞ்சம் பொறுங்கள் ஐயா

வணக்கம் ஐயா. உங்கள் மகள் பிஎச்.டி. சேரும் முன் தன் ப்ராஜெக்டை ஜர்னலில் (ஆய்வு இதழில்) கட்டுரையாக வெளியிடுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூடவே நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தையும் பார்த்தேன். மூன்று நாளில் பிரசுரம், யூஜிசி அங்கீகாரம், கையோடு சான்றிதழ். தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள். யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தரமான ஜர்னல்கள் என்று தான் வைத்திருந்த 'கேர்' பட்டியலையே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இல்லாத பட்டியலின் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

கட்டுரை இல்லாவிட்டால் பிஎச்.டி. சீட் கிடைக்காது என்று யாரோ மகளைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். சேர்வதற்கு அப்படி ஒரு யூஜிசி விதி கிடையாது. பிஎச்.டி. தீசிஸ் (ஆய்வேடு) சமர்ப்பிக்கும் முன் ஜர்னலில் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக்கூட 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டார்கள். சில பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே வைத்திருக்கக்கூடும். அதைச் சேரும் இடத்தில் கேட்டுக்கொள்ளலாம். கட்டுரை இருந்தால் நேர்காணலில் பலம், அவ்வளவுதான்.

பணம் கேட்டாலே மோசடி என்றும் இல்லை. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நல்ல ஜர்னல்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் பெரும்பாலும் துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்து ஏற்ற பிறகுதான் பணம் கட்டச் சொல்வார்கள். 2013-இல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு மருந்து ஆய்வை எழுதி இப்படிக் கட்டணம் வாங்கி இலவசமாகப் படிக்கத் தரும் 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். பாதிக்கு மேல் ஏற்றுக்கொண்டன! சரியாகப் படிக்காமலே ஏற்கும் அந்த மாதிரி ஜர்னலில் வந்த கட்டுரை நேர்காணலில் மகளுக்கு எதிராகத்தான் நிற்கும்.

சரி, மகளின் ப்ராஜெக்டுக்கு வருவோம். விடுதி மாணவிகளின் ரத்தசோகையும் சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கமும்: நல்ல தலைப்பு. முதலில் ஒரு காகிதத்தைத் தேடச் சொல்லுங்கள், எத்திக்ஸ் கமிட்டி (மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழு) தந்த அனுமதிக் கடிதம். ரத்தம் எடுத்த ஆய்வு என்பதால் அந்த எண்ணையும் தேதியையும் ஜர்னல் கட்டாயம் கேட்கும். ரத்தம் எடுப்பதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், இப்போது பழைய தேதி போட்டு வாங்க முடியாது. அது இல்லையென்றால் நல்ல ஜர்னல் எதுவும் எடுப்பது கடினம், கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) வெளிப்படையாகப் பேசிவிடுவதே மேல்.

கடிதம் இருக்கிறதா? அப்படியானால் அட்டவணைகளிலிருந்து தொடங்கட்டும். முன்னுரையில் தொடங்குபவர்கள் பாதிப் பேர் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். ப்ராஜெக்ட் தீசிஸில் இருபது அட்டவணை இருக்கும். கட்டுரைக்கு மூன்று போதும். யார் கலந்துகொண்டார்கள், ஹீமோகுளோபின் அளவு என்ன, டீக்கும் அதற்கும் தொடர்பு உண்டா. அப்புறம் செய்முறை. இங்கே கஞ்சத்தனம் கூடாது. எத்தனை பேரை அழைத்தார், எத்தனை பேர் மறுத்தார்கள்? விரல் நுனியில் எடுத்த ரத்தமா, ரத்தக்குழாயில் எடுத்ததா? எந்தக் கருவி? கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத்தான் வைத்தாரா? 'சாப்பிட்டவுடன்' என்றால் எத்தனை நிமிடத்துக்குள்? வேறொருவர் இதைப் படித்துவிட்டு அதே ஆய்வைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும்.

பிறகு முடிவுகள், விவாதம், முன்னுரை. சுருக்கம் கடைசியில்.

விவாதப் பகுதியில் ஒரு வாக்கியத்தைப் பார்த்தேன்: 'டீ குடிப்பதால் ரத்தசோகை உண்டாகிறது.' டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் மகள் எல்லோரையும் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். அதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. 'தொடர்பு காணப்பட்டது' என்று எழுதலாம். மாதவிடாய் ரத்தப்போக்கு, விடுதிச் சாப்பாடு, குடற்புழு என்று எத்தனையோ குறுக்கே வரலாம். கேட்டறியாதவற்றை ஆய்வின் குறைகளாக அவரே எழுதிவிடட்டும். மறைத்தால், ஜர்னலுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் வல்லுநரான மதிப்பாய்வாளர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார்.

கட்டுரையை எழுதியவர்களாக யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே கைடிடம் பேசிவிட வேண்டும். ஆய்விலும் எழுத்திலும் பங்கெடுத்தவர்கள் மட்டும். துறையில் மேஜை போட்டிருப்பது பங்களிப்பு ஆகாது! (இதை மகள் சொல்ல வேண்டாம், கைடு பார்த்துக்கொள்வார்.)

ஒரு நேரத்தில் ஒரே ஜர்னலுக்குத்தான் அனுப்ப வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், முதல் இடத்தில் நிராகரிப்பதும் சகஜம். அதற்குள் பிஎச்.டி. விண்ணப்பம் வந்துவிட்டால், பயோடேட்டாவில் 'மதிப்பாய்வில் உள்ளது' என்று கட்டுரைத் தலைப்போடு போடலாம். அது பொய்யில்லை, நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்பார்கள். அட்டவணைகளை அவரே போட்டிருந்தால் பதில் தானாக வரும்.