அபார்ட்மென்டில் ரிவால்வர் துடைக்க வாடை குறைந்த சால்வென்ட்

தம்பி, கிரீன் கார்டில் அமெரிக்கா வந்து, பயிற்சிக்கு .38 ரிவால்வர் ஒன்று வாங்கி, அதைத் துடைக்க உட்கார்ந்தாலே வீடு நாறுகிறது, மனைவிக்குத் தலைவலி என்கிறீர்கள். வாடை குறைந்த சால்வென்ட், அதாவது துப்பாக்கிக் கரியைக் கரைக்கும் திரவம், எது என்பது கேள்வி. கிரீன் கார்டு என்பதால் நேராகப் பதிலுக்கு வருகிறேன். எச்-1பி வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ நண்பர்கள் இருந்தால் மட்டும் சொல்லிவையுங்கள்: வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, மத்தியச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது.

உங்களிடம் இருப்பது ஹாப்பீஸ் நம்பர் 9 என்ற சால்வென்ட்டாகத்தான் இருக்கும். 1903இலிருந்து வருகிற சரக்கு. மண்ணெண்ணெயில் வாழைப்பழத்தைப் பிசைந்த மாதிரி ஒரு வாசம். அந்த வாழைப்பழ வாசம் அமைல் அசிடேட் என்ற வேதிப்பொருளின் வேலை. பழைய ஆட்களுக்கு அது ஊதுபத்தி. ஜன்னல் திறக்க முடியாத குளிர்காலத்தில் திரைச்சீலை வரை ஏறிவிடும்.

நான் மாறியது எம்-ப்ரோ 7 போன்ற தண்ணீர் வகைக்கு. வாடை இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நிதானமாகத்தான் வேலை செய்யும். தடவிவிட்டு ஐந்து பத்து நிமிடம் ஊற விட வேண்டும். துடைத்ததும் ஈரம் போக உலர்த்தி, லேசாக எண்ணெய் போடவும் வேண்டும். ஒரு முறை சோம்பலில் எண்ணெயை விட்டுவிட்டேன், அடுத்த வாரம் எஜெக்டர் தண்டில் (வெற்றுத் தோட்டாக்களை வெளியே தள்ளும் கம்பியில்) பழுப்புத் துரு. பாலிஸ்டால் என்று ஜெர்மன் எண்ணெய் ஒன்றும் உண்டு. அதன் வாசம் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குக் குமட்டும். உங்கள் வீட்டில் முதலில் மோந்து பார்க்கச் சொல்லுங்கள். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா கலந்த, தாமிரம் கரைக்கும் சால்வென்ட் உங்களுக்குத் தேவையே இல்லை. ஈயக் குண்டு சுடும் .38இன் குழலில் ஒட்டுவது தாமிரமல்ல, ஈயம். அதை வெண்கல பிரஷ்தான் எடுக்கும். நிக்கல் முலாம் எங்காவது பெயர்ந்திருந்தால் அம்மோனியா அடியில் புகுந்து அரித்தும் விடும்.

சரி, துடைக்கும் முன் தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து, அதன் துளைகள் எல்லாம் காலியா என்று விரல் வைத்து எண்ணிப் பாருங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். எஜெக்டர் தண்டை அழுத்திப் பிடித்து, மேலெழும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் எரியாமல் கிடக்கும் வெடிமருந்துத் துகள்களைக் காய்ந்த பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள். இரண்டு துகள் சிக்கினாலே சிலிண்டர் சுற்ற மறுக்கும். அங்கே சால்வென்ட்டையோ எண்ணெயையோ ஊற்றினால் எல்லாம் சேறாகிவிடும். கரி அதிகம் படிவது சிலிண்டரின் முன்முகத்தில். அது பளபளக்க வேண்டும் என்று தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், அடுத்த ஐம்பது தோட்டாவில் திரும்பக் கறுத்துவிடும்.

வாடை இல்லாததால் விஷமும் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பிரஷ் கிளப்பும் ஈயத்தூளுக்கு வாசமே கிடையாது. அதனால் சாப்பாட்டு மேசை வேண்டாம், நைட்ரைல் கையுறை வேண்டும், முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். காற்றோட்டமும் எப்படியும் தேவை.

அப்புறம், பாதி வாடை புட்டியிலிருந்து வருவதே இல்லை. குப்பைக்கூடையில் போட்ட துணித்துண்டுகளிலிருந்து வருவது. அவற்றை அன்றைக்கே பையில் இறுக்கிக் கட்டி வெளியே கொண்டுபோய்விடுங்கள். முதல் வாரம் பழைய புட்டியோடு இதை மட்டும் செய்து பாருங்கள், புதிது வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.