இல்லாத முகமும் இருக்கிற பூவும்

அன்புள்ள ஐயா,

பூக்களை வரைந்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என்னைப் பற்றி எழுதத் துணிச்சல் வந்தது. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்து இன்றுவரை நான் வரைவது ஒன்றைத்தான். எங்கேயும் இல்லாத பெண்களின் முகங்கள், அவர்களைச் சுற்றிப் பூக்கள். கூந்தலுக்குப் பதில் கொடி இறங்கும், இமையில் இதழ் முளைக்கும், கழுத்து தண்டாகி மண்ணுக்குள் போகும். வேலை, கல்யாணம், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் இதை மட்டும் விடவில்லை. இப்போது வயது அறுபது தாண்டிவிட்டது.

சமீபத்தில் ஓர் ஓவியரிடம் படங்களைக் காட்டினேன். "அழகாக இருக்கிறது, ஆனால் இதெல்லாம் அலங்காரம். நாற்பது வருடமாக ஒரே படத்தைத்தான் போட்டிருக்கிறீர்கள்" என்றார். எல்லா முகமும் உன் முகம் மாதிரியே இருக்கிறது என்கிறாள் என் மகள். கண்ணில் புரை வளர்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். பழைய வாட்டர்கலர் படங்களில் ரோஜா நிறமெல்லாம் வெளுத்துக்கொண்டு வருகிறது. இத்தனை வருடத்தை வீணாக்கிவிட்டேனா? இனிமேலாவது நிஜமான மனிதர்களை, தெருவை, வீடுகளை வரையப் பழக வேண்டுமா? சில படங்களை இணைத்திருக்கிறேன். நேராகவே சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

படங்களைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். நேராகச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். வீணில்லை. விடவும் வேண்டாம். தெருவையும் வீட்டையும் வரைய ஆசை வந்தால் வரையுங்கள், ஆனால் ஒருவர் சொன்ன வார்த்தைக்குப் பயந்து அங்கே ஓட வேண்டியதில்லை. அதே சமயம் அந்த ஓவியர் உங்கள் படங்களில் ஏதோ ஒரு குறையை உணர்ந்திருக்கிறார். குறை இருக்கிறது, அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தவறு.

ஒரே பொருளை ஆயுள் முழுக்க வரைவது குறையே இல்லை. ராஹெல் ரைஸ் என்ற டச்சுப் பெண் ஓவியர் 1664இல் பிறந்து 1750இல் இறந்தவர். பதினைந்து வயதில் ஒரு பூ ஓவியரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார், பத்துக் குழந்தைகளைப் பெற்றார், அரசவை ஓவியராகவும் இருந்தார், அறுபது வருடத்துக்கு மேல் பூக்களையே வரைந்தார். முதுமையில் வரைந்த படங்களில் கையெழுத்தோடு தன் வயதையும் எழுதிவைத்தார். 1747இல் அந்த வயது 83. பொருளை மாற்றாமலேயே ஒருவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் போதும்.

உங்கள் படங்களில் எனக்கு இடறியது வேறு. நீங்கள் வரைந்திருக்கும் பூக்கள் ஏறக்குறைய எல்லாமே நம்மைப் பார்த்தபடி முழு வட்டமாக மலர்ந்திருக்கின்றன. ஒரு பூகூட முதுகைக் காட்டவில்லை. புல்லி இதழ் இல்லை, காம்பு பூவோடு சேரும் இடம் இல்லை, ஒரு இதழ் இன்னொன்றின் மேல் விழுத்தும் நிழல் இல்லை. கை பழகிப்போய் நினைவிலிருந்தே போட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முகம் கற்பனை, சரி. பூவும் கற்பனை, அதன்மேல் விழும் வெளிச்சமும் கற்பனை என்றால் பார்க்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு உங்கள் உலகத்துக்குள் வருவார்? அந்த ஓவியருக்கு "அலங்காரம்" என்று தோன்றியது இதனால்தான் என்பது என் எண்ணம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நீங்கள் அனுப்பிய படங்களிலேயே ஒன்று அப்படி இல்லை. வாடிய செம்பருத்தியைக் காதோரம் செருகியிருக்கும் பெண். செம்பருத்தி ஒருநாள் மலர்ந்து அப்புறம் தானாகவே சுருட்டிக்கொள்ளும், அந்தச் சுருளையும் அதன் ஓரத்துக் கருஞ்சிவப்பையும் நீங்கள் பூவைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் வரைந்திருக்க முடியும். அந்தப் பெண்ணின் தோல் பச்சை நிறம், தலையிலிருந்து கிளை முளைத்திருக்கிறது, இருந்தும் அவளை நான் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. பூ உண்மையாக இருந்ததால் பச்சைத் தோலையும் நம்பிவிட்டேன்.

பூ ஓவியங்கள் என்று நாம் கொண்டாடும் டச்சுப் படங்களிலேயே பாதி கற்பனைதானே. வசந்தத்தில் பூக்கிற துலிப்பும் கோடையில் பூக்கிற பூக்களும் ஒரே ஜாடியில் இருக்கும். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கொத்தை யாரும் கையில் பிடித்திருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பூவையும் அது பூக்கும் பருவத்தில் பார்த்து வரைந்தார்கள். யான் வான் ஹாய்சம் என்பவரின் ஒரு படத்தில் 1736, 1737 என்று இரண்டு வருடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. இன்னொரு படத்தை முடித்துத் தர முடியவில்லை, மஞ்சள் ரோஜா கிடைக்கவில்லை என்று அவர் கடிதம் எழுதியிருக்கிறார். நிஜத்தில் இருக்கவே முடியாத ஒரு பூங்கொத்தை வரைகிறவர், அதில் ஒரு மஞ்சள் ரோஜாவை மட்டும் மனதிலிருந்து போட மாட்டேன் என்று காத்திருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

நமக்கு இது புதிதும் இல்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை ஒரு பாறைமேல் குவிக்கிறார். காந்தளும் நெய்தலும் முல்லையும் தாமரையும் ஒரே நாளில் ஒரே மலையில் பறிக்கக் கிடைக்குமா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் தாமரையை "முள்தாள் தாமரை" என்கிறார். தாமரைத் தண்டில் சொரசொரப்பாகச் சின்னச் சின்ன முட்கள் உண்டு, தண்ணீருக்குள் கை விட்டுப் பறித்தவர்களுக்குத் தெரியும். குவியல் கற்பனையாக இருக்கட்டும், தண்டில் முள் இருக்கிறது.

இனி ஒதிலோன் ரெதோன். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே எனக்கு நினைவுக்கு வந்தவர் இவர்தான், ஏனென்றால் நீங்கள் வரைவதைத்தான் அவரும் வரைந்தார், கற்பனை முகங்களையும் பூக்களையும், இரண்டையும் சேர்த்தும். 1840இல் பிரான்சின் போர்தோவில் பிறந்தவர். ஐம்பது வயதை நெருங்கும்வரை பெரும்பாலும் கறுப்புதான். கரிக்கோலிலும் லித்தோகிராஃப் என்ற கல் அச்சிலும் மிதக்கும் தலைகள், தனிக் கண்கள். 1885இல் ஒரு சதுப்புநிலச் செடியை வரைந்தார், அதன் உச்சியில் பூ இருக்க வேண்டிய இடத்தில் சோகமான ஒரு மனித முகம். இப்படிப்பட்டவருக்கு இளமையில் வழிகாட்டிய நண்பர் யார் என்று பார்த்தால், அர்மாந் கிளாவோ என்ற தாவரவியலாளர், மைக்ரோஸ்கோப்பின் வழியாகச் செடியின் உள்ளே பார்க்கக் காட்டிக்கொடுத்தவர். கூழாங்கல்லையோ ஒரு புல்லையோ அப்படியே பார்த்து வரைந்து முடித்த பிறகுதான் மனதுக்குள் கற்பனை பொங்கத் தொடங்குகிறது என்று ரெதோன் எழுதியிருக்கிறார். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

1890 வாக்கில் அவர் படங்களுக்குள் வண்ணம் வந்தது. அந்த வருடத்து "மூடிய கண்கள்" படத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு முகம், கண் மூடியிருக்கிறது, வண்ணம் அப்போதுதான் லேசாக உள்ளே வருகிறது. அதற்குப் பிறகு பாஸ்டல் என்ற வண்ணக்கட்டியிலும் ஆயிலிலும் பூக்கள், பூக்கள், பூக்கள். அவர் பொருளை மாற்றிக்கொண்டார் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. 1910இல், எழுபது வயதில், வயலெட் ஹேமான் என்ற பெண்ணை பாஸ்டலில் வரைந்தார். நிஜமான பெண், பக்கவாட்டு முகம், அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு எதிரே காற்றில் ஒரு பூக்கூட்டம் மிதக்கிறது, அதில் சில பூக்களுக்குப் பெயர் சொல்லலாம், சிலவற்றுக்குப் பெயரே கிடையாது. சதுப்புநிலத்துச் சோக முகமும் இந்தப் பெண்ணும் ஒரே கையிலிருந்து வந்தவர்கள் என்பது பார்த்தவுடன் தெரியும். இடையில் 25 வருடம். உங்கள் நாற்பது வருடத்தையும் இப்படிப் பாருங்கள், படங்களைத் தேதி வாரியாகத் தரையில் பரப்பி வைத்து.

"அலங்காரம்" என்ற சொல்லுக்கும் பயப்பட வேண்டாம். இதே ரெதோன் 1900இல் ஒரு மாளிகையின் சாப்பாட்டு அறைச் சுவர்களுக்காகப் பெரிய பெரிய பூப் படங்களை வரைய ஆரம்பித்தார். அலங்காரம் என்றே எடுத்துக்கொண்டு செய்த வேலை. இன்று அவற்றில் பெரும்பகுதி பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்கள் மகள் சொன்னது சரிதான், எல்லா முகத்திலும் ஒரே சாயல். ஓவியர்கள் தங்களை அறியாமல் தங்கள் முகத்தையே வரைந்துவிடுகிறார்கள் என்று லியொனார்டோ டா வின்சி குறிப்புகளில் எச்சரித்திருக்கிறார், அதனால் இது ஐந்நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. நினைவிலிருந்து வரைந்தால் கை தனக்குத் தெரிந்த முகத்துக்குத்தான் போகும். மருந்து எளிது. வீட்டில் இருப்பவர்கள், வந்துபோகிறவர்கள், யாராவது ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பென்சிலில் வரையுங்கள், முழுமையாகக்கூட வேண்டாம், மூக்கும் மேலுதடும் மட்டும் போதும். இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருக்காது, ஒரு புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும், வாய் ஒரு பக்கம் இழுக்கும். அந்தக் கோணல்களைக் கற்பனைப் பெண்ணுக்குக் கொடுங்கள். உங்கள் படங்களில் முகங்கள் மிகச் சீராக, இடமும் வலமும் ஒன்றாக இருக்கின்றன, அதனால்தான் அவர்கள் எல்லாரும் அக்கா தங்கை மாதிரி தெரிகிறார்கள். செம்பருத்திப் பெண்ணுக்கு மட்டும் இடது இமை சற்றுத் தாழ்ந்திருக்கிறது.

இன்னொன்று, வெளிச்சம். முகத்தையும் பூவையும் தனித்தனியாக முடித்துவிட்டு ஒட்டியது போல் சில படங்களில் தெரிகிறது. மஞ்சள் பூவைத் தாடைக்குக் கீழே பிடித்தால் தோலில் மஞ்சள் படியும், வெள்ளைத் துணியைப் பிடித்தால் தாடையின் அடிப்பக்கம் வெளுக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் இதழ் ஒளிரும், காதும் சிவந்து ஒளிரும், இரண்டுமே ஒளியை உள்ளே விடும் அளவுக்கு மெல்லியவை. இதைப் பிடித்துவிட்டால் உங்கள் இமையில் முளைத்த இதழ் உண்மையிலேயே அங்கே முளைத்ததாகிவிடும். முதலில் எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள், அது போதும்.

கண்புரை பற்றி டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். புரை முற்ற முற்றப் பார்வையில் மஞ்சளும் பழுப்பும் ஏறும், நீலமும் ஊதாவும் மங்கும். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு இது நேர்ந்தது. வண்ணத்தைக் கண்ணால் நம்ப முடியாதபோது அவர் டியூபில் இருந்த பெயரையும், பலகையில் வண்ணங்களை வைக்கும் மாறாத வரிசையையும் நம்பி வரைந்தார். 1923இல் அறுவை செய்துகொண்டார், அதற்குப் பிறகும் வரைந்தார். நீங்களும் அதுவரை வண்ணங்களை ஒரே வரிசையில் வையுங்கள். வயதைப் பற்றி எழுதியிருந்ததால் இன்னொருவரையும் சொல்கிறேன்: இங்கிலாந்தின் மேரி டிலேனி 72 வயதில்தான் வண்ணத் தாளைப் பொடிப்பொடியாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்கள் செய்ய ஆரம்பித்தார், பார்வை மங்கி நிறுத்துவதற்குள் பத்து வருடத்தில் ஏறக்குறைய ஆயிரம் பூக்கள். அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

கடைசியாக ரோஜா நிறம். இது உங்கள் தவறில்லை, நிறமியின் குணம். வான்கோ 1890இல் வரைந்த ரோஜாக்கள் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன, வரையும்போது அவை இளஞ்சிவப்பு. அழகான சிவப்புகளும் ரோஸ் வண்ணங்களும் பல வெளிச்சத்தில் வெளுத்துவிடும். டியூபைத் திருப்பிப் பார்த்தால் நிறமியின் குறியீடு பொடி எழுத்தில் இருக்கும். பிஆர் 83 என்று இருந்தால் அது அலிஸரின் கிரிம்சன், மெல்லிய வாட்டர்கலர் பூச்சில் நிற்காது. பிவி 19 என்பது குவினாக்ரிடோன் என்ற நிறமி, அது எவ்வளவோ மேல். ஒளிரும் ரோஸ் வண்ணங்களை, பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், வைத்துக்கொள்ள நினைக்கும் படத்தில் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எல்லா வண்ணத்தையும் ஒரு தாளில் பட்டை பட்டையாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதம் ஒட்டி வையுங்கள். எது நம்பத்தக்கது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

வெளுத்த பழைய படங்களின் மேல் புதிதாக வண்ணம் பூசிவிடாதீர்கள், தயவுசெய்து. இப்போதிருக்கும் நிலையிலேயே நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துவிட்டு, இருட்டான இடத்தில் தட்டையாக வைத்துவிடுங்கள். மனது கேட்கவில்லை என்றால் அதே பெண்ணை இன்னொரு தாளில் மறுபடி வரையுங்கள், இந்த முறை பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பழையதையும் புதியதையும் சேர்த்து அனுப்பினால் இரண்டையும் இங்கே போடுகிறேன், வாசகர்களும் பார்க்கட்டும்.

அன்புடன்.