ஆச்சி பதில்கள்: தேள் கொட்டியதால் லீவு

(காரைக்குடியில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஆச்சி, இந்த இதழில் பழைய எகிப்து பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஆச்சி, எங்களுக்குப் பரம்பரையாகக் கொத்து வேலைதான். பிரமிடைக் கட்டியவர்கள் சாட்டையடி வாங்கிய அடிமைகள் என்று சினிமாவில் காட்டுகிறார்கள். வேற்றுக் கிரகத்துக்காரர்கள் என்று மகன் யூடியூப் பார்த்துச் சொல்கிறான். எதை நம்புவது?
– கொத்தனார், கானாடுகாத்தான்

இரண்டும் வேண்டாம், தம்பி. கட்டியவர்கள் உங்களைப் போன்ற கைவேலைக்காரர்கள். கீசாவில் கூஃபு மன்னரின் பெரிய பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2560-ல் எழுந்தது. உயரம் 146 மீட்டர், கற்கள் சுமார் 23 லட்சம். கீசாப் பிரமிடுகளுக்குத் தெற்கே வேலையாட்கள் தங்கிய ஊரையே தோண்டிப் பார்த்துவிட்டார்கள். ரொட்டி சுட்ட அடுப்படிகளும் ஆடுமாடுகளின் எலும்புகளும் ஏராளமாகக் கிடைத்தன. 1990-ல் அவர்களுடைய கல்லறைகளும் வெளிப்பட்டன. முறிந்து, பிறகு ஒழுங்காகக் கூடிய கைகால் எலும்புகள் அங்கே இருந்தன. அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எல்லாரும் விரும்பித்தான் வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஊர்களிலிருந்து முறை வைத்து ஆள் திரட்டினார்கள். ஆனால் அடிமைக்கு யாராவது மன்னர் பிரமிடுக்குப் பக்கத்தில் கல்லறை கட்டுவார்களா?

வேற்றுக் கிரகக் கதை சொல்லும் மகனுக்கு மேரரைப் பற்றிச் சொல்லுங்கள். கூஃபு காலத்துப் படகு மேஸ்திரி அவர். துராவில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவில் இறக்கியதை நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார். 2013-ல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் தாலே குழுவினர் அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடிகளைக் கண்டெடுத்தார்கள். 4,500 ஆண்டுக்கு முந்தைய வேலைக் குறிப்பு!

ராஜா கதை நிறையப் படித்தாயிற்று. சாதாரணச் சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?
– கடைக் கணக்கர், தேவகோட்டை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் தெய்ர் எல்-மெதினா என்று ஒரு சின்ன ஊர். மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்தவர்களும் சித்திரம் தீட்டியவர்களும் பெண்டு பிள்ளைகளோடு அங்கே குடியிருந்தார்கள். குடிதண்ணீரைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுவர வேண்டிய வறண்ட இடம். பாப்பிரஸ் விலை கூடியது என்பதால் உடைந்த ஓட்டிலும் சுண்ணாம்புச் சில்லிலும் எழுதினார்கள். கடன், சண்டை, சலவைக் கணக்கு, எல்லாம் அதில் இருக்கிறது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கல் இருக்கிறது: இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் 40-ஆம் ஆட்சியாண்டில் எழுதிய வருகைப் பதிவேடு. 40 ஆட்களின் பெயர், வராத நாள், வராத காரணம். ஒருவருக்குத் தேள் கொட்டிவிட்டது. ஒருவருக்குக் கண் நோவு. ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சினார். ஒருவர் இறந்த தாயாரின் உடலைப் பதப்படுத்தும் வேலையில் இருந்தார். ராம்சேஸின் பெரிய சிலைகள் எனக்குச் சொல்லாததை இந்தக் கல் சொல்கிறது.

அவர்களுக்குக் கூலி காசு அல்ல, கோதுமையும் பார்லியும். மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆண்டில், கி.மு. 1157 வாக்கில், படி அளப்பது நாள் கணக்காகத் தள்ளிப்போனது. கருவிகளைப் போட்டுவிட்டு ஊர்வலமாகப் போய்க் கோவில்களின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். “பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, மன்னருக்குச் சொல்லி அனுப்புங்கள்” என்றார்கள். எழுத்தில் நமக்குக் கிடைத்த வேலைநிறுத்தங்களில் மிகப் பழையது இதுதான். இதைச் சொல்லும் பாப்பிரஸ் சுவடி இத்தாலியின் டூரினில் இருக்கிறது.

நம் வளவுகளில் செல்லரித்துக் கிடக்கும் பேரேடும் ஐந்தொகையும் சமையற்காரர் சம்பளச் சிட்டையும் இதே ஜாதிதான். தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். போட்டோ எடுத்தாவது வையுங்கள்.

மம்மி செய்யும்போது மூளையை மூக்கு வழியாக எடுப்பார்களாமே, நிஜமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பள்ளத்தூர்

நிஜம்தான், ஆத்தா. கொக்கி விட்டு எடுத்துவிடுவார்கள். நெஞ்சை, அதாவது இதயத்தை, மட்டும் உள்ளேயே விடுவார்கள். நினைவும் அறிவும் அங்கே குடியிருப்பதாக நம்பிக்கை. செத்தபின் மறுவுலகத் தெய்வமான ஓசிரிஸ் சந்நிதியில் அந்த நெஞ்சை நீதித் தெய்வமான மாஅத் தேவியின் இறகுக்கு எதிராகத் தராசில் நிறுப்பார்களாம். உடலை நாட்ரான் உப்பில் உலர்த்தித் துணி சுற்றிமுடிக்க மொத்தம் 70 நாள். கி.மு. 1213-ல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் மூக்கில் மிளகு வைத்திருந்தார்கள்.

எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனவர். அதற்கெல்லாம் முன்னால் தமிழர்கள் எகிப்து வரை போனதுண்டா?
– வாசகர், கண்டனூர்

உண்டு. பிரமிடு காலத்தில் அல்ல. எகிப்தை ரோமர்கள் ஆண்டபோது. செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் உள்ளன. பெரெனிகே துறைமுகத்தில் 1995-ல் கிடைத்த ஜாடித் துண்டில் கொறபூமான் என்று இருக்கிறது. அதே ஊரில் செராபிஸ் கோவிலில் புதைத்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. பேர் எழுதிய பானையோடு கடல் கடந்தவர் கூலியாளோ, மாலுமியோ, வியாபாரியோ, அவரும் நம்மவர். கீழடி பார்க்கப் போகும்போது பானை ஓட்டில் கீறிய பெயர்களை நின்று பாருங்கள். அதே எழுத்து.

எகிப்து போக வசதியில்லை. மம்மியை நேரில் பார்க்க முடியுமா?
– வாசகி, புதுவயல்

ஹைதராபாத்தில் பப்ளிக் கார்டன்ஸ் வளாகத்து மாநில மியூசியத்தில் ஒன்று, கொல்கத்தா இந்தியன் மியூசியத்தில் ஒன்று இருக்கின்றன. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.