லைசெர்கமைடுகள்: வெளிச்சம் ஆகாத மூலக்கூறுகள் – கேள்வி பதில்

பகுப்பாய்வு வேதியியல் என் தொழில். லைசெர்கமைடுகள், அதாவது போதைப்பொருளான எல்.எஸ்.டி. உள்ளிட்ட எர்காட் பூஞ்சைக் குடும்பத்துச் சேர்மங்களைப் பற்றி எதுவும் கேளுங்கள். எவ்வளவு எடுக்கலாம், எப்படிப் பதுக்கலாம் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் கிடையாது.

வெளிச்சம் பட்டால் எல்.எஸ்.டி.க்கு என்னதான் ஆகிறது?

9, 10 எண் கார்பன்களுக்கு நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. அது இண்டோல் வளையத்தோடு கைகோத்து நிற்பதால்தான் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்கிறது. கரைசலில் இருக்கும்போது அதே புற ஊதா பட்டால், அந்த இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு ஏறி உட்கார்ந்துவிடும். அதுதான் லூமி-எல்.எஸ்.டி. நீலம் போச்சு, மூளையில் செய்த வேலையும் போச்சு. இருக்கிறதா என்று பார்க்கப் பிடிக்கும் விளக்கே அதைத் தின்கிறது!

ஒருமுறை நிறமற்ற குப்பியில் ஒப்பீட்டுக் கரைசலை ஜன்னலோரம் மறந்துவிட்டேன். மாலையில், சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராம் வரைபடத்தில் பழைய சிகரம் குன்றி, பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. அன்றிலிருந்து பழுப்புக் குப்பிதான்.

காரத்தில்?

8-ஆம் கார்பன் புரண்டு ஐசோ-எல்.எஸ்.டி. ஆகும். எடை அதேதான், ஆனால் போதை தராது. நிறை நிறமாலைமானி எடையை மட்டும் பார்த்தால் ஏமாறும். முதலில் இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா சார்?

முதல் பத்தி.

எர்கோமெட்ரின் ஊசியை ஏன் குளிரில் வைக்கிறார்கள்? நான் செவிலியர்.

அதுவும் லைசெர்கமைடுதான் மேடம். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து, 1935-ல் பிரித்தெடுத்தார்கள். வெப்பமும் வெளிச்சமும் இரண்டுமே ஆகாது. அதனால்தான் 2 முதல் 8 டிகிரி, வெளிச்சம் படாத உறை. ஊசி போடும் நேரம்வரை பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். நிறம் மாறியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

ரத்தத்தில் எல்.எஸ்.டி.யின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், சுமார் 3 மணி நேரம்தான். விளைவு 8 மணியைத் தாண்டுகிறதே?

2017-ல் வெளியான படிக அமைப்பில், செல்லுக்குச் சமிக்ஞை வாங்கித் தரும் புரதமான செரட்டோனின் 2பி ஏற்பியின் வெளிச்சுருள் ஒன்று எல்.எஸ்.டி. மேல் மூடி போல் கவிந்திருப்பது தெரிந்தது. உள்ளே போனது சீக்கிரம் வெளியேறாது.

மூடிக் கதை மிகைப்படுத்தல். மனிதர்களில் விளைவு ரத்த அளவை ஒட்டியே ஏறி இறங்குகிறது. மூடி காரணமென்றால் பின்தங்க வேண்டாமா?

ஆளை மடக்கிவிட்டீர்கள். அந்த அளவீடுகளை நானும் படித்திருக்கிறேன். மணிக்கணக்கை மூடி ஒன்றே விளக்காது. மைக்ரோகிராமிலேயே வேலை செய்யும் பொருள், இரண்டு அரை ஆயுள் கழிந்தும் கால்பங்கு மிச்சமிருக்கும். அதுவே போதும். ஆனால் மூடியைத் தளர்த்திய மாற்றுரு ஏற்பியில் அது சீக்கிரம் கழன்றதும், ஏற்பிக்குள் போகும் சமிக்ஞை மாறியதும் உண்மை. நேரத்தை விட்டுக்கொடுக்கிறேன், மூடியை விடமாட்டேன்.

எல்.எஸ்.டி. அட்டையில் ஸ்ட்ரிக்னின் விஷம் கலக்கிறார்களாமே?

பழங்கதை. பயப்பட வேண்டியது எல்.எஸ்.டி. என்ற பெயரில் வரும் என்பிஓஎம்இ வகைச் செயற்கைப் போதைப்பொருள்களுக்கு. ஆட்களைக் கொன்றிருக்கின்றன.

ஃபிரீசரில்?

இரண்டாவது ஆள். பதில் கிடையாது என்று முதலிலேயே சொன்னேன்.

மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறேன், எல்.எஸ்.டி. எடுத்தால்…

வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பல பதிவுகள். மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

துளித்துளியாகத் தினமும் எடுத்தால் இதயத்துக்கு?

மேலே சொன்ன 2பி ஏற்பி இதய வால்வுகளிலும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு மாதக்கணக்கில் கொடுத்த மெத்திசெர்ஜைடு வால்வுகளைத் தடிக்க வைத்தது. அதுவும் இதே குடும்பம்தான்.