பழைய மாஸி டிராக்டர் வாங்கும் முன் நம்பர் தட்டைத் துடைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். தாத்தா ஒரு மாஸி 1035 டிராக்டர் வைத்திருந்தார், 1999-இல் விற்றுவிட்டார்கள். இப்போது ஒரு தரகர் அப்பாவிடம் வந்து, அதே வண்டிதான் விலைக்கு வருகிறது, 1978 மாடல், எஞ்சின் வேலை புதிதாகச் செய்தது, உடனே அட்வான்ஸ் அனுப்புங்கள் என்கிறார். வாட்ஸ்அப்பில் நாலு படம் வந்திருக்கிறது. இது தாத்தா வண்டிதானா, வாங்கலாமா?"

தம்பி, அட்வான்ஸ் இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். நாலு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்புப் பெயிண்ட் நன்றாகத்தான் மின்னுகிறது, ஆனால் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும், கம்பெனி அடித்த நம்பர் தட்டின் மேலேயும் அதே சிவப்பு ஏறியிருக்கிறது, ஹைட்ராலிக் ரப்பர் குழாய், ஹெட்லைட் ஓரத்து ரப்பர் எல்லாம் சிவப்பு. வண்டியைப் பிரித்து முறையாக வேலை செய்தவர் அப்படி அடிக்க மாட்டார், விற்பதற்காக ஒரே நாளில் அடித்த பெயிண்ட் இது. அதனால் வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வண்டியின் வயதையும் அது எந்த வண்டி என்பதையும் பெயிண்டைப் பார்த்து எப்போதும் முடிவு செய்யாதீர்கள், இரும்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் வேலை, அந்தத் தட்டை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, நேராக நின்று, வெயில் பக்கவாட்டில் விழும்படி ஒரு படம். தட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளும் அதில் தெரிய வேண்டும். பழைய ஆணி தட்டோடு சேர்ந்து கறுத்துத் துருவேறி இருக்கும், பளபளக்கும் புது பாப் ரிவெட் அடித்திருந்தால் அந்தத் தட்டு எப்போதோ கழற்றப்பட்டது, அல்லது வேறு வண்டியில் இருந்து வந்தது. அப்புறம் தட்டில் ஊர் பெயர் இருக்கிறதா பாருங்கள். 1035-ஐச் செய்த டாஃபே கம்பெனி 1960-இல் மெட்ராஸில் தொடங்கியது, ஊர் பெயர் அதிகாரப்பூர்வமாகச் சென்னை ஆனது 1996-இல். '1978 மாடல்' என்று சொல்லப்படும் வண்டியின் தட்டில் 'சென்னை' என்று அச்சாகி இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்கு முந்தைய தட்டு இல்லை, ஏனென்றால் அந்த முறையே 1972 ஆகஸ்ட்டில்தான் வந்தது.

தட்டு மட்டும் போதாது. சேசிஸ் எண், அதாவது வண்டியின் உடல் எண், இரும்பிலேயே குத்தியும் இருக்கும், எஞ்சின் எண் பிளாக்கில் தனியாக இருக்கும். எந்த இடம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஊரில் வயதான மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டால் தடவியே காட்டிவிடுவார். ஒரு வெள்ளைத் தாளை எண்ணின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள், படத்தைவிட அது தெளிவாகச் சொல்லும். எழுத்துகள் ஒரே ஆழம், ஒரே வரிசையா? அந்த இடம் மட்டும் கிரைண்டர் போட்டதுபோல் வழுவழுப்பாக இருக்கிறதா? அப்படி இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் தொடாதீர்கள்.

தாத்தா வண்டிதானா என்ற கேள்விக்கும் பதில் இந்த எண்தான். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் டிராக்டர் பெரும்பாலும் நில வள வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ கடன் போட்டுத்தான் வாங்குவார்கள், அந்தக் கடன் பத்திரத்திலும் பழைய இன்சூரன்ஸ் தாளிலும் சேசிஸ் எண் எழுதியிருக்கும். அது கிடைக்காவிட்டால் அப்பாவை நேரில் அனுப்புங்கள், ஆனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்கு நினைவிருக்கும் அடையாளங்களைப் போனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பின்னால் டிரெய்லர் மாட்டும் டிராபாரில் எங்கே வெல்டிங் வைத்தார்கள், எந்த மட்கார்டு நசுங்கியது, சீட்டுக்குக் கீழே எந்த போல்ட் அளவு மாறியது. பார்த்த பிறகு கேட்டால் பாசத்தில் எல்லாமே பொருந்திவிடும்.

இன்னொன்று, '35' என்ற எண்ணை வைத்தே தரகர்கள் பலரைக் குழப்புகிறார்கள். இங்கிலாந்தில் செய்த மாஸி ஃபெர்குசன் 35 வேறு, நம் டாஃபே 1035 அதே வம்சத்தில் வந்த வேறு வண்டி. இங்கிலாந்து 35 சிவப்பும் சாம்பலுமாக 1957 கடைசியில் வந்தது. முதலில் 4 சிலிண்டர் டீசல், 1959 கடைசியில் இருந்து பெர்கின்ஸ் 3 சிலிண்டர். எஞ்சின் பக்கவாட்டில் நின்று டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்களை, சிலிண்டருக்கு ஒன்று, எண்ணினாலே தெரிந்துவிடும். அதற்கும் முந்தையது முழுச் சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20, 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹில்லாரி 1958 ஜனவரியில் தென் துருவத்துக்கு ஓட்டிப் போனது அந்தச் சின்ன வண்டிகளைத்தான், நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். அதன் எண்ணுக்கு முன்னால் டி.இ.ஏ. என்றிருந்தால் பெட்ரோல், டி.இ.எஃப். என்றிருந்தால் டீசல். அதில் பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) லிவரைப் போடாமல் ஹைட்ராலிக் தூக்காது, ஏனென்றால் பம்ப் பி.டி.ஓ. தண்டிலேயே ஓடுகிறது. இது தெரியாமல் நல்ல வண்டியைப் பழுது என்று விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய ஃபோர்டு என்றால் வார்ப்பு இரும்பிலேயே தேதி இருக்கும்: ஒரு இலக்கம் வருடம், ஒரு எழுத்து மாதம், அப்புறம் நாள். எந்தப் பத்தாண்டு என்பதை மாடலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, ஓடுகிற நிலைக்கு வருவோம். பட்டுக்கோட்டையில் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் டிராக்டர் பிரித்துக் கட்டியவன் நான், இப்போது சிங்கப்பூர் துவாஸில் ஜெனரேட்டர் எஞ்சின்கள் பார்க்கிறேன். இரண்டு இடத்திலும் நான் நம்புவது விடிகாலை ஸ்டார்ட் ஒன்றைத்தான். ஒருமுறை என் மாமாவுக்கு வண்டி பார்க்கப் போனபோது ஒரே இழுப்பில் கிளம்பியது, புகையே இல்லை. நாங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓட்டிச் சூடாக்கி நிறுத்தியிருந்தார்கள் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் லைனர் தேய்ந்து போன பிறகுதான் தெரிந்தது. அதனால் முன்கூட்டிச் சொல்லாமல் காலை ஆறு மணிக்கு அப்பா போய் நிற்கட்டும், இங்கே அப்போது எட்டரை, நீங்கள் வீடியோவில் இருங்கள். முதலில் எஞ்சின் பிளாக்கில் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. சும்மா நிற்கும்போதே கரும்புகை என்றால் இன்ஜெக்டர், பம்ப், ஏர் ஃபில்டர் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓடிய பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? வந்தால் 'எஞ்சின் வேலை செய்தது' என்பது பொய், அல்லது சரியாகச் செய்யவில்லை.

நம் டெல்டா வண்டிக்கு எஞ்சினைவிடப் பின்பக்கம்தான் பெரிய செலவு. வருடக்கணக்கில் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டுச் சேற்றில் தொளி உழுத வண்டியில் பின் ஆக்சில் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும், அதே சீல் வழியாக ஆயில் பிரேக் டிரம்முக்கு வந்திருக்கும். பின் சக்கரத்தின் உள்பக்கத்தை டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், ஈரக் கோடு வழிந்த தடம் இருக்கிறதா என்று. அப்புறம் கியர் பாக்ஸ் ஆயில் அளவுக் கம்பியை உருவி விரலில் தேய்க்கட்டும். டீயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மாஸியில் ஹைட்ராலிக் பம்ப் அதே ஆயிலுக்குள்தான் மூழ்கிக் கிடக்கிறது, அந்தத் தண்ணீர் பம்பையும் தின்றுவிடும். கலப்பையை மாட்டித் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். மெல்ல இறங்கினால் வயதுக்குச் சரி, சில விநாடிகளில் தரைக்கு வந்தால் உள்ளே கசிவு. ஓடும்போதே தூக்கிய கலப்பை விக்கல் எடுப்பதுபோல் துள்ளினாலும் அதே கதைதான். கியர் ஒவ்வொன்றிலும் ஓட்டி, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள், கியர் தானாக விழக்கூடாது.

கடைசியாகத் தாள்கள். ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவரோடுதான் பேச்சு, பணமும் அவர் வங்கிக் கணக்குக்குத்தான், தரகர் கணக்குக்கு வேண்டாம். முதல் பதிவு 15 வருடம், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பழைய வண்டிகளில் பாதி இதை விட்டுவிட்டவைதான், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். பழைய பதிவு ஆன்லைனில் வராவிட்டால் பயப்பட வேண்டாம், அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்ற முடியும், ஆனால் விற்பவரே ஏற்றித் தர வேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் படிவம் 35-உடன் ரத்து செய்த பிறகு பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. நீங்கள் இங்கே இருப்பதால் அப்பா பெயரிலேயே மாற்றுங்கள், கையெழுத்துக்காக நீங்கள் லீவு போட்டு ஓட வேண்டியதில்லை.

தினமும் உழவுக்கு என்றால் 1978 வண்டி வேண்டாம், பத்துப் பதினைந்து வருடத்துக்குள் உள்ள 1035 பாருங்கள், சாமான் மன்னார்குடியிலேயே கிடைக்கும். தாத்தா நினைவுக்கு என்றால், எண் பொருந்தினால், பின்பக்கம் கொஞ்சம் ஒழுகினாலும் வாங்குங்கள். பென்சில் தேய்த்த தாளையும் தட்டுப் படத்தையும் அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.